பக்கத்து அறைக்கு நோட்டீஸ் எழுதாதே

நேற்று ராத்திரி நீ போனில் அழுததிலிருந்து எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை, பாப்பா. லீட்ஸுக்குப் போய் ஆறு வாரம்தான் ஆகிறது. வீட்டில் நாலு பேர், ஒரு சமையலறை, ஒரு சிங்க். காலையில் டீ போடப் போனால் கழுவிய பாத்திரம் ஒன்றுகூட இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் நீ எழுதினாய்: "டியர் ஆல், யூ ஆர் கைண்ட்லி ரிக்வெஸ்டெட் டு க்ளீன் தி வெசல்ஸ் இமீடியட்லி ஆஃப்டர் யூசேஜ். ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்." அதற்கப்புறம் யாரும் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "கைண்ட்லியும் போட்டேன், ப்ளீஸும் போட்டேன், இன்னும் எப்படிக்கா மரியாதையா எழுதறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய்.

மரியாதை போதாமல் போகவில்லை. அதிகமாகிவிட்டது.

அம்மாவை நினைத்துப் பார். சாதாரண நாளில் "எங்கடி போன, வா, சாப்பிடு" என்பாள். நாம் சொல்லாமல் கொள்ளாமல் சினிமாவுக்குப் போய்விட்டு இருட்டியபிறகு வந்து நின்ற அன்றைக்கு என்ன சொன்னாள்? "வாங்க மேடம், இப்பதான் வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா? சாப்பிடறீங்களா?" அந்த 'ங்க' காதில் விழுந்த மாத்திரத்தில் நம் இரண்டு பேருக்கும் வயிற்றைக் கலக்கியதே, ஞாபகம் இருக்கிறதா? நெருங்கியவர்களிடம் திடீரென்று மரியாதை ஏறினால் அதற்குக் கோபம் என்று பொருள். இது உனக்கு நாலு வயதிலேயே தெரியும். உன் வீட்டுப் பெண்கள் காதிலும் அந்த 'வாங்க மேடம்'தான் விழுந்திருக்கிறது. ஒரே அடுப்பில் சமைப்பவள், வீட்டுக்காரர் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி எழுதியதும், இவளுக்கு நம் மேல் பயங்கரக் கோபம் என்று ஒதுங்கிவிட்டார்கள்.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நீ, நீங்கள் இரண்டும் இருந்தன. 'தவ்' என்பது நீ, 'யூ' என்பது நீங்கள். 17-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் 'தவ்' பொதுப் பேச்சிலிருந்து பெரும்பாலும் உதிர்ந்துபோய், எல்லோருக்கும் ஒரே 'யூ' என்றாகிவிட்டது. உன் யார்க்‌ஷர் பக்கத்துக் கிராமத்துப் பெரியவர்கள் சிலர் வாயில் 'தீ' என்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது வேறு கதை. நாம் வினைச்சொல்லின் வாலைப் பார்த்தே யார் யாரோடு பேசுகிறார்கள், எவ்வளவு நெருக்கம் என்று சொல்லிவிடுவோம். ஆங்கிலத்தில் அந்த வால் இல்லை. எந்தச் சொல்லைப் பொறுக்கி எடுக்கிறாய் என்பதில்தான் அவர்கள் நெருக்கத்தையும் தூரத்தையும் காட்டுகிறார்கள். அதனால்தான் நம் காது அதைத் தவறவிடுகிறது.

லீவ் லெட்டரிலிருந்து வெளியே வா

நீயும் நானும் வாழ்க்கையில் முதலில் எழுதிய ஆங்கிலக் கடிதம் லீவ் லெட்டர். "ரெஸ்பெக்டட் சார், ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட் யூ டு க்ராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்." மனப்பாடம் செய்து எழுதினோம். அதற்குப்பின் பேங்க் மேனேஜருக்கு, தாசில்தாருக்கு, காலேஜ் பிரின்ஸிபாலுக்கு எழுதியதெல்லாம் அதே கடிதத்தின் தம்பி தங்கைகள். ஆங்கிலத்தில் எழுதுவது என்றாலே மேலே உட்கார்ந்திருப்பவரிடம் ஏதோ கேட்டு நிற்பது என்று நம் கை பழகிவிட்டது. தமிழைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே படித்த ஒருத்தி உழவர் சந்தைக்கு வந்து, "அம்மையீர், அரைக் கிலோ தக்காளி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்றால் காய்க்காரம்மா என்ன நினைப்பாள்? பிழை ஒன்றும் இல்லை. ஆனால் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள்.

அங்கே உடம்பு சரியில்லை என்றால் "ஐ'வ் காட் எ டெம்பரேச்சர்" என்பார்கள். 'சஃபரிங் ஃப்ரம்' என்றால் டாக்டர் நாள்பட்ட நோயைப் பற்றிப் பேசுவது போல இருக்கும்.

'டூ தி நீட்ஃபுல்' நாம் தப்பாக உண்டாக்கிய தொடர் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டனிலேயே புழங்கியதுதான். அங்கே வழக்கொழிந்துவிட்டது, நம் கச்சேரிகளிலும் ஆபீஸ்களிலும் நிலைத்துவிட்டது. இங்கே கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதும்போது அது சரியான சொல், யாரிடமும் அதற்காகக் கூச்சப்படாதே. லீட்ஸில் சிங்க்குக்கு மேலே அதற்கு இடமில்லை, அவ்வளவுதான். 'ரிவர்ட்' என்பதையும் விட்டுவிடு. பதில் சொல்வது என்று நாம் நினைக்கிறோம், பழைய நிலைக்குத் திரும்புவது என்று அவர்கள் நினைக்கிறார்கள். 'இன்டிமேட்' பக்கமே போகாதே. தெரிவிப்பது என்ற பொருளில் நீ எழுத, காதலர்களின் நெருக்கம் அவர்கள் நினைவுக்கு வந்தால் தர்மசங்கடம்.

'கைண்ட்லி'யைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நம் அகராதிகளில் ப்ளீஸுக்கும் தயவுசெய்து, கைண்ட்லிக்கும் தயவுசெய்து. அதனால் கைண்ட்லி என்பது இரட்டைப் ப்ளீஸ் என்று நமக்குத் தோன்றுகிறது. பிரிட்டனில் அது வாசல் பலகைச் சொல். கேட் முன்னால் வண்டியை நிறுத்தாதே, புல்வெளியில் நடக்காதே என்று பொறுமையிழந்த ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் சொல். பேச்சில் வந்தால் கண்டிப்பு இன்னும் கூடுகிறது. அதை அடியோடு மறந்துவிடு.

பண்ணு போட்ட சொற்கள்

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானே அங்கே இருந்த நாலு வருஷத்தில் கண்டுகொண்டது. நம் ஆங்கிலத்தை விறைப்பாக்குவது பாதி நம் தமிழ்தான். "தீபாவளிக்குப் பர்ச்சேஸ் பண்ணியாச்சா?" "வீட்டை வெக்கேட் பண்ணிட்டோம்." "போனை அட்டெண்ட் பண்ணு." "அவன் காலேஜை டிஸ்கன்டின்யூ பண்ணிட்டான்." "மாமாவை ரிசீவ் பண்ண ஸ்டேஷனுக்குப் போறேன்." "டாக்டரைக் கன்சல்ட் பண்ணியா?" தினமும் புழங்கிப் புழங்கி இந்தச் சொற்கள் நமக்கு வீட்டுச் சொற்களாகிவிட்டன. கோர்ட், ஆபீஸ், காலேஜ் வழியாக வந்து, 'பண்ணு' என்ற ஒட்டோடு நம் அடுக்களைக்குள் நுழைந்தவை இவை. கஞ்சி போட்ட சட்டை பலமுறை துவைத்ததில் நமக்கு மெத்தென்று ஆகிவிட்டது. அவர்களுக்கு இன்னும் விறைப்பாகவே இருக்கிறது. தோழியிடம் "ஐ பர்ச்சேஸ்ட் எ ஜாக்கெட்" என்று சொன்னால் ரசீதைப் படிப்பது போலக் கேட்கும். "ஐ பாட்" போதும், இல்லை "ஐ காட்". வீட்டைக் காலி செய்வதை 'மூவ்ட் அவுட்' என்று சொல், படிப்பை விட்டதை 'ட்ராப்ட் அவுட்' என்று சொல். போனையும் மாமாவையும் சேர்த்து 'பிக் அப்' ஒன்றே பார்த்துக்கொள்ளும். டாக்டரை 'ஸீ' பண்ணினால் போதும். 'எக்ஸ்பயர்' ஆவது பாஸ்போர்ட். மனிதர்களுக்கு அந்தச் சொல்லை வைக்காதே. அப்புறம் 'வெசல்' என்றால் அங்கே கப்பல். பாத்திரம் கழுவுவது 'வாஷிங் அப்', உன் ஊர்ப் பக்கம் 'வாஷ் தி பாட்ஸ்' என்றும் காதில் விழும்.

அதனால் முதல் யோசனை இதுதான். தமிழில் 'பண்ணு' சேர்த்துச் சொல்லிப் பழகிய ஆங்கிலச் சொல் ஒன்று வாயில் வந்தால், ஒரு கணம் நில். பெரும்பாலும் அதற்குப் பக்கத்திலேயே ஒரு குட்டைச் சொல் இருக்கும்.

ஏன் ஒரே பொருளுக்கு இரண்டிரண்டு? 1066-ல் நார்மண்டியிலிருந்து வில்லியம் படையெடுத்து இங்கிலாந்தைப் பிடித்தான். அதன்பின் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சும் லத்தீனும்தான். கோர்ட்டில் வாதம் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று 1362-ல் ஒரு சட்டம் வந்தது; அந்தச் சட்டமே பிரெஞ்சில் எழுதப்பட்டது என்றால் பார்த்துக்கொள். குடிசைக்காரன் 'ஆஸ்க்' என்றான், அதிகாரி 'என்க்வயர்' என்றான். இவனுக்கு 'ஹெல்ப்', அவனுக்கு 'அசிஸ்ட்'. இவனுக்கு 'பிகின்', அவனுக்கு 'காமென்ஸ்'. 'லிவ்' இருந்த இடத்தில் 'ரிசைட்', 'இனஃப்' இருந்த இடத்தில் 'சஃபிஷியன்ட்'. சோறும் சாதமும் ஒரே பானையில்தான் வேகின்றன, ஆனால் எந்த வீட்டில், யாருக்கு, எந்தச் சொல் என்று நமக்குத் தெரியாதா? அதே நுட்பம்தான். பிரெஞ்சிலிருந்து வந்த எல்லாமே விறைப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. ஆன்ட்டி, அங்கிள் இரண்டுமே அந்த வழியாக வந்தவைதான், அவற்றைவிட நெருக்கமான சொல் எது?

இந்த விறைப்பு ஆங்கிலத்தால் அந்த ஊர்க்காரர்களே பட்ட பாடும் கொஞ்சமில்லை. அரசு ஊழியர்கள் புரியும்படி எழுத வேண்டும் என்பதற்காகவே பிரிட்டிஷ் நிதித்துறை கேட்டு, எர்னஸ்ட் கவர்ஸ் என்ற அதிகாரி 1948-ல் 'ப்ளெய்ன் வேர்ட்ஸ்' என்ற புத்தகத்தை எழுதினார். 1979-ல் லிவர்பூல்காரரான கிறிஸி மேஹர், லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் அரசுப் படிவங்களை எந்திரத்தில் போட்டு நறுக்கி, எளிய ஆங்கிலத்துக்காக ஓர் இயக்கத்தையே தொடங்கினார். பதின்பருவத்தில்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்ற பெண் அவர். ஏழைக்குப் புரியாத படிவம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் சின்னச் சொல் எழுதினால் படிக்காதவள் என்று நினைப்பார்களோ என்ற பயத்தை விடு. அங்கே படித்தவர்கள்தான் சின்னச் சொல்லை விரும்பி எழுதுகிறார்கள்.

மரியாதையை எங்கே வைப்பது?

"அப்படின்னா மரியாதையே வேண்டாமா?" என்று நீ கேட்பாய். கட்டாயம் வேண்டும். அவர்கள் அதை நீளச் சொல்லில் வைப்பதில்லை, கேட்கும் விதத்தில் வைக்கிறார்கள்.

பஸ்ஸில் நாம் என்ன சொல்வோம்? "கொஞ்சம் தள்ளி உக்காருங்க." அந்தக் 'கொஞ்சம்' எத்தனை அங்குலம் என்று யாரும் அளப்பதில்லை. அது கெஞ்சலும் இல்லை, கட்டளையும் இல்லை. சொல்லின் முனையை மழுக்கிக் கொடுக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையை 'ஜஸ்ட்', 'எ பிட்', 'க்விக்' செய்கின்றன. "கேன் ஐ ஜஸ்ட் ஆஸ்க் எ க்விக் கொஸ்டின்?" நாம் 'முடிஞ்சா' என்போமே, அதற்கு "இஃப் யூ கெட் எ சான்ஸ்". 'அவசரமில்லை' என்பதற்கு "நோ ரஷ்". 'கேன் யூ' என்பதைவிட 'குட் யூ' மெத்தென்று இருக்கும். அதையும் தாண்டி, "ஐ வாஸ் ஒண்டரிங் இஃப் யூ குட்" என்று இறந்த காலத்தில் தொடங்குவார்கள். இதுவும் நமக்குப் புதிதில்லை. பக்கத்து வீட்டு வாசலில் நின்று "ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன்" என்று அம்மா சொல்வாளே, அதேதான். கேட்பதைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தால், மறுப்பவருக்கும் சங்கடமில்லாமல் இடம் கிடைக்கிறது.

அடுத்தது சுருக்கம். 'ஐ ஆம்', 'டூ நாட்', 'ஐ வில்' என்று பிரித்து எழுதினால்தான் ஒழுங்கு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். தேர்வுத்தாளுக்கு அது சரி. சாட்டில் 'ஐ டூ நாட் நோ' என்று பிரித்தாலே அழுத்தம் விழுந்துவிடும், "எனக்குத் தெரியாது, என்னைக் கேக்காதே" என்று. 'ஐ டிட் நாட் டேக் யுவர் மில்க்' என்றால் திருட்டுப் பழியை மறுப்பது போல. 'ஐம்', 'டோன்ட்', 'ஐ'ல்', 'டிடின்ட்' என்று சேர்த்தே எழுது. ஒரே நாளில் உன் ஆங்கிலத்தின் முகம் மாறிவிடும். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது நமக்குக் கஷ்டம், எனக்கும் நாக்கு எழவில்லை. உன் பேராசிரியருக்கு முதல் மெயிலில் 'டியர் டாக்டர்' போட்டுக் குடும்பப் பெயர் எழுது. அவர் பதிலின் அடியில் வெறும் முதல் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டால், அடுத்த மெயிலில் 'ஹாய்' போட்டு அந்தப் பெயரை எழுது. அது அவர் திறந்து வைத்த கதவு. மறுபடியும் 'ரெஸ்பெக்டட்' என்று போனால் கதவைச் சாத்துகிறாய் என்று ஆகும். முடிக்கும்போது 'தேங்க்ஸ்' போதும். பஸ் டிரைவர் உன்னை 'லவ்' என்று கூப்பிட்டால் பதறாதே. அந்த ஊரில் அது நம் 'ம்மா', 'கண்ணு' மாதிரி. "ஆல்ரைட்?" என்று கேட்டுக்கொண்டே கடந்துபோனால் நலம் விசாரிப்பு இல்லை, வணக்கம். "ஆல்ரைட், யூ?" என்று நீயும் நடந்துகொண்டே சொல்.

இந்தப் பக்கம் விறைத்ததைப் போல அந்தப் பக்கம் சாய்ந்துவிடாதே. அதுதான் எனக்கு இன்னொரு கவலை. 'கானா', 'வானா' வாயில் வரலாம், மெயிலில் வேண்டாம். தெருப்பேச்சு சீக்கிரம் பழசாகும். கெட்ட வார்த்தைகளை எடுக்கவே எடுக்காதே. வெப் சீரிஸில் ஆயிரம் முறை கேட்டிருப்பாய், ஆனால் அந்தச் சொல்லின் சூடு நம் நாக்குக்குத் தெரியாது. எங்கே சுடும், யாரைச் சுடும் என்று தெரியாத கரண்டியை எதற்குத் தொட வேண்டும்? பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகம் 1914-ல் லண்டன் மேடைக்கு வந்தது. 'மை ஃபேர் லேடி' படத்தின் மூலக்கதை. பூ விற்கும் எலைசாவுக்குப் பேராசிரியர் உச்சரிப்பைச் சொல்லித் தருகிறார். பெரிய மனிதர்கள் வீட்டுத் தேநீர் விருந்தில் ஒவ்வொரு எழுத்தும் மணி மணியாக வருகிறது, ஆனால் பேசுவது அவள் பிறந்த தெருவின் பேச்சு. கிளம்பும்போது 'ப்ளடி' என்ற ஒரு சொல்லை உதிர்க்கிறாள், ஊரே அதைப் பற்றிப் பேசியது. உச்சரிப்புக்குப் பணம் கட்டி வகுப்புக்குப் போகிற பெண்கள் எல்லோருக்கும் அந்தக் காட்சியைச் சொல்ல வேண்டும் போல எனக்கு இருக்கும்.

இரண்டையும் கலக்காதே. "ஹே கைஸ், கைண்ட்லி ஷேர் தி பிக்ஸ்" என்பது பட்டு வேட்டிக்கு மேலே பனியன். அனுப்புவதற்கு முன்னால் உன்னையே கேட்டுக்கொள்: மாடிப்படியில் அவள் எதிரே வந்தால் இதே சொற்களை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேனா? சொல்லமாட்டேன் என்றால் அழித்துவிட்டு, சொல்லக்கூடியதை எழுது.

சந்தேகம் வந்தால் ஆங்கிலம்-தமிழ் அகராதியைப் பார்க்காதே. பர்ச்சேஸுக்கும் வாங்கு, பைக்கும் வாங்கு என்றுதான் அது சொல்லும். ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியைப் பார். ஹார்ன்பி என்பவர் ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த அனுபவத்தில் தொகுத்தது, நம்மைப் போல வெளியிலிருந்து வருகிறவர்களுக்காகவே. பர்ச்சேஸ், காமென்ஸ், ரிசைட் பக்கத்தில் 'ஃபார்மல்' என்று குறி போட்டிருக்கும். லாங்மன் அகராதியில் எஸ், டபிள்யூ என்ற எழுத்துகள் இருக்கும். எஸ் என்றால் பேச்சில் அதிகம் வருவது, டபிள்யூ என்றால் எழுத்தில். எஸ் பக்கத்தில் 1 இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பேசலாம். ராத்திரி சாப்பிடும்போது 'தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' பார். கேக் சுடுகிற சாதாரண மனிதர்கள், அச்சடித்த வசனம் இல்லாமல் பேசுகிறார்கள். நான் கற்றுக்கொண்டது அதில்தான்.

ஒன்றை மட்டும் இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அங்கே நான் வேலை பார்த்த இரண்டாவது வருஷம், பக்கத்து மேஜைப் பெண்ணின் அம்மா இறந்துவிட்டார். தினமும் மதியம் நாங்கள் சேர்ந்துதான் சாப்பிடுவோம். ஆபீசில் ஒரு கார்டு மேஜை மேஜையாகச் சுற்றி வந்தது. நான் எழுதினேன்: "ப்ளீஸ் அக்செப்ட் மை ஹார்ட்ஃபெல்ட் கண்டோலன்ஸஸ் ஆன் தி சேட் டிமைஸ் ஆஃப் யுவர் பிலவ்ட் மதர்." எனக்குத் தெரிந்த உயர்ந்த சொற்களையெல்லாம் அவளுக்காகத் தேடிப்பிடித்துப் போட்டேன். அதற்கு மேலே, அவளோடு இரண்டு வார்த்தை பேசியிராத ஒருவர் எழுதியிருந்தார்: "சோ ஸாரி அபௌட் யுவர் மம். திங்கிங் ஆஃப் யூ." அதைப் படித்ததும் எனக்கு என் வரியைப் பார்க்கவே முடியவில்லை. அவளுக்காக வீட்டில் அழுதவள் நான். கார்டில் பக்கத்தில் உட்கார்ந்தவர் அவர், தூரத்தில் நின்றவள் நான். ஒரு வாரம் கழித்து அவள் திரும்பி வந்தபோது போய்ச் சொன்னேன்: "ஐ கீப் திங்கிங் அபௌட் யுவர் மம்'ஸ் லெமன் கேக்." அவள் ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை.

சரி, இன்றைக்கு சாயங்காலம் குரூப்பில் இதைப் போடு. வேண்டுமானால் உன் வாய்க்கு வருகிற மாதிரி மாற்றிக்கொள். "ஹாய் ஆல், ஸாரி, மை மெசேஜ் கேம் அவுட் ஆல் ராங்! ஐ ஜஸ்ட் மெண்ட், குட் வீ ட்ரை அண்ட் டூ தி வாஷிங் அப் பிஃபோர் பெட்? ஐம் மேக்கிங் சாம்பார் ஆன் சண்டே இஃப் எனிவன் வாண்ட்ஸ் சம்." நீளமாக மன்னிப்புக் கேட்காதே, 'அபாலஜைஸ்' என்று எழுதாதே. சாம்பார்ப் பொடி உன் பெட்டியில் நீல டப்பாவில் இருக்கிறது, ஸ்வெட்டருக்கு அடியில். அனுப்பிவிட்டுக் கூப்பிடு. இங்கே நடுராத்திரி ஆனாலும் எடுப்பேன்.